உஷார்! கார் ஒரு பக்கம் இழுக்கிறது, கை பழகிவிட்டது

கண்புரை ஆபரேஷன் முடிந்த அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. எனக்குத் தோளில் பிடிப்பு. அதனால் அன்றைக்கு மட்டும் ஓர் ஆக்டிங் டிரைவரை வரச் சொன்னேன். மந்தைவெளியிலிருந்து அடையாறு, கூப்பிடு தூரம். வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அம்மாவும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். இரண்டு சிக்னல் தாண்டியிருப்போம். கிரீன்வேஸ் சாலைப் பக்கம் வண்டியை இடது ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பிரேக்குல கால் வெச்சா வண்டி வலதுபக்கம் ஓடுது. எத்தன நாளா இப்படி?"

"இல்லையே அண்ணே. நேத்துகூட நான்தான ஓட்டுனேன். ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது சார். உங்க கை பழகிடுச்சு."

அந்த வார்த்தை எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது. வண்டி லேசாக இழுக்கிறது என்று ஓர் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் செய்து, "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். வண்டி சரியாகவில்லை, என் கைதான் சரிசெய்துகொண்டது. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் என்னை அறியாமலே ஸ்டீரிங்கை இடதுபக்கம் ஓர் இழை திருப்பிப் பிடித்திருக்கிறேன். தோள் பிடித்துக்கொண்டதற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

இந்த எச்சரிக்கையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கார் ஒரு பக்கம் இழுப்பது திடீரென்று வந்தால் யாருக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், தினமும் அதை ஓட்டுகிறவருக்குத்தான் கடைசியில் தெரியும். நாளுக்கு நாள் இழுப்பு ஏற ஏற, கையும் அதற்கேற்பப் பிடியை ஏற்றிக்கொண்டே போகும். ஒருநாள் மகன் ஓட்டுவான், அல்லது ஊரிலிருந்து வந்த மைத்துனர் சாவியை வாங்கிக்கொண்டு போவார். அவர்கள் கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குறுக்கே ஓர் ஆட்டோ வந்து அவர்கள் ஓங்கி பிரேக் போடும் நேரத்தில்தான் வண்டி தன் குணத்தைக் காட்டும்.

கணக்கையும் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 40 கிலோமீட்டர் வேகம் என்றாலும் 11 மீட்டர். நம் ஊரில் காருக்கும் பக்கத்தில் வரும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதுவே பெரிது. போன் அடிக்கிறதே என்று இரண்டு விநாடி கண்ணைத் திருப்பி, கையின் பிடி தளர்ந்தால், இழுக்கிற கார் அந்த ஒரு முழத்தைத் தின்றுவிடும். அதுவும் வலதுபக்கம் இழுத்தால்? நாம் இடதுபக்கம் ஓட்டுகிற நாட்டில் இருக்கிறோம். நடுத்தடுப்பு இல்லாத மயிலாப்பூர் தெருக்களில் வலதுபக்கம் என்பது எதிரே வருகிறவரின் பாதை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் போடும்போது மட்டும் இழுக்கிறதா, நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று இழுக்கிறதா, இழுப்போடு சேர்ந்து 'டக் டக்' சத்தமோ கருகல் வாடையோ ஸ்டீரிங் ஆட்டமோ இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அந்த வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அன்றைக்கு அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, டிரைவர் அண்ணனே வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ராயப்பேட்டைப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அங்கே எல்லோரும் அந்த மெக்கானிக்கை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அலைன்மென்ட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். இடது சக்கரத்தின் பிரேக் பேட் ஏறக்குறைய வாங்கியபடியே தடிமனாக இருந்தது. வலதுபக்கப் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"பாத்தீங்களா சார், இந்தப் பக்கம் வேலையே செய்யல. காலிப்பர் பிஸ்டன் துரு புடிச்சு நின்னுபோச்சு. ரெண்டு சக்கரத்து வேலைய ஒரு சக்கரம் பாத்துட்டிருக்கு."

கார் இழுத்தது வலதுபக்கம், கோளாறு இருந்தது இடதுபக்கம். இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், எந்தப் பக்கம் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். பிடிக்காத பக்கம்தான் நோயாளி. இதற்கு நேர்மாறாக, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரத்தில் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருந்தால், பிரேக் போடாதபோதும் அந்தப் பக்கமே இழுக்கும். இதைத்தான் பிரேக் ஜாம் என்கிறோம். பேட்டை அழுத்தும் காலிப்பர் தடையில்லாமல் நகர உதவும் பின்கள் துருப்பிடித்தாலும் வரும். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ் பழசாகி உள்ளே உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டாலும் வரும். ஓஸ் வெளியே பார்க்க ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும், அதனால் பலர் அதைத் தேடுவதே இல்லை.

ஜாம் ஆன சக்கரம் சூட்டினால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். பக்கத்தில் வைத்தாலே ஒரு பக்கம் மட்டும் அனல் அடிப்பது தெரியும். அலாய் வீலில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்திருப்பதும் இதற்கு இன்னோர் அடையாளம். சூடாக இருக்கிறதே என்று பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடேறிய டிஸ்க் நெளியலாம், விரிசலும் விடலாம். தானாக ஆறட்டும்.

நம் பகுதியில் இந்தத் துரு ஏன் இவ்வளவு சகஜம்? இரண்டு காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் என்று கடலை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று தெரியும். அதே காற்றில்தான் காரும் இரவெல்லாம் நிற்கிறது. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திவைத்த கார் இன்னும் மோசம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வயதான தம்பதியர் வீட்டு வாசல்களில் அப்படி எத்தனை கார்கள் உறைபோட்டு நிற்கின்றன! கிலோமீட்டர் ஓடவில்லையே, பழுது எப்படி வரும் என்று நினைக்கிறார்கள். ஓடாமல் நிற்பதே காலிப்பருக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் நோய்.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரை தாண்டிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவிலேயே கார்கள் அரைச்சக்கரத் தண்ணீரில் நின்றன. அப்போது எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றதும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டோம். ஆனால் சேற்றுத் தண்ணீர் போய் உட்கார்ந்த இடம் சக்கரம். காலிப்பர் ரப்பரில் சின்னக் கிழிசல் இருந்தாலும் உள்ளே போகும். பின்சக்கர டிரம்முக்குள் போகும். வீல் பேரிங்கின் கிரீஸைக் கெடுக்கும். அந்தத் துரு அன்றைக்கே தெரியாது, மாதக்கணக்கில் வேலை செய்து பிறகுதான் ஒருநாள் இழுப்பாக வெளியே வரும். என் வண்டியில் அதுதான் நடந்திருக்கும் என்றார் பாய். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது, முன்னால் போகிறவர் போகிறாரே என்று உள்ளே இறக்குகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீரில் இறங்கி வந்த வண்டி என்றால், மழை ஓய்ந்ததும் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக்கைச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அலைன்மென்ட்டுக்கு வருகிறேன். இதில்தான் நான் ஏமாந்தேன்.

வண்டி இழுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் பட்டென்று வரும் பதில், "அலைன்மென்ட் பாருங்க." தலைவலி என்று சொன்னதும் ஒரு மாத்திரையை நீட்டுவது மாதிரி. அலைன்மென்ட் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. டயரும் பிரேக்கும் அடிபாகங்களும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு செய்தால்தான் அதற்கு அர்த்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்துபோன நிலையில் அலைன்மென்ட் செய்தால், மெஷின் திரையில் எல்லா எண்ணும் பச்சையாகத் தெரியும். கடையைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் புஷ் ஆடும், எண்கள் எல்லாம் கலைந்துவிடும்.

அலைன்மென்ட் என்றால் மூன்று கோணங்கள். நடக்கும்போது சிலருக்குப் பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும், சிலருக்கு வெளிப்பக்கம். சக்கரத்துக்கும் அப்படி உண்டு, அது டோ. சக்கரத்தை முன்னாலிருந்து பார்த்தால் அதன் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். சைக்கிளின் முன்பக்க ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறதே, கையை எடுத்தாலும் சைக்கிள் நேராகப் போவது அந்தச் சாய்வின் உதவியால். காரில் அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். இப்போது விஷயத்துக்கு வாருங்கள். சில நூறு ரூபாய்க்குச் செய்யும் சாதாரண அலைன்மென்ட்டில் பெரும்பாலும் முன்சக்கர டோவை மட்டும்தான் திருத்துகிறார்கள். பல சின்னக் கார்களில் மற்ற இரண்டையும் திருத்தக் கம்பெனியே வசதி வைக்கவில்லை. டோ தவறினால் டயர் சீக்கிரம் தேயும், நேராகப் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். வண்டி விடாமல் ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடதுக்கும் வலதுக்கும் இடையில் கேம்பரிலோ காஸ்டரிலோ உள்ள வித்தியாசம். பள்ளத்தில் அடிபட்டு ஸ்ட்ரட் வளைந்தால் அந்த வித்தியாசம் வரும். டோவை எத்தனை முறை திருகினாலும் அது போகாது. "அலைன்மென்ட் பண்ணியும் இழுக்குதே" என்று புலம்புகிற பலரின் கதை இதுதான்.

பேலன்சிங்குக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால் பேலன்சிங். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால் நாமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

அலைன்மென்ட் செய்தால் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் கேம்பர், காஸ்டர் வரிசையில் இடது வலது எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். "கேம்பர் அவுட் சார், பிரெஸ் பண்ணி நேராக்கிடலாம்" என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். வளைந்த இரும்பை ஜாக்கி வைத்து எதிர்ப்பக்கம் வளைப்பது அந்த எண்ணைச் சரிசெய்யும், இரும்பைச் சரிசெய்யாது. எது வளைந்திருக்கிறது, ஏன் வளைந்தது என்று கேளுங்கள். பாகத்தை மாற்றுவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு.

உண்மையில் முதலில் பார்க்கவேண்டியது எல்லாவற்றிலும் எளிது, செலவே இல்லாதது. காற்று. ஒரு முன்டயரில் ஐந்தாறு பாயின்ட் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாயும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். பங்க்கில் "எவ்ளோ சார்?" என்று கேட்கும்போது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, ஒரே கேஜில் நான்கையும் பாருங்கள். மூன்று நாளில் அதே டயர் மறுபடி இறங்கியிருந்தால் ஆணி குத்தியிருக்கலாம். டியூப்லெஸ் டயர் ஆணியை விழுங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் காற்றை விடும். மெட்ரோ வேலை நடக்கிற தெருவில் ஆணிக்கும் கம்பித் துண்டுக்கும் பஞ்சமா?

காற்று சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் கடைக்காரர் சொல்வார், அதற்கு இது ஒத்துவராது. மாற்றிப் போட்டதும் இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர்தான், வேறெதையும் கழற்றவேண்டாம். உள்ளே பெல்ட் பிரிந்த டயரும், ஒரு பக்கம் கூம்பாகத் தேய்ந்த டயரும் இப்படி இழுக்கும். பக்கவாட்டில் கொப்புளம்போல் புடைப்பு இருந்தால் சோதனையே வேண்டாம். அந்த டயரோடு பட்டினப்பாக்கத்திலிருந்து லஸ் வரைகூடப் போகாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற காரில் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும்.

சாலையைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுகிறார்கள். அதனால் நம் ஊரில் எந்தக் காரும் மிக லேசாக இடதுபக்கம் நகரப் பார்க்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். அகலமான ஒருவழிச் சாலையில் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஓட்டிப் பாருங்கள். இடம் மாற மாற இழுப்பும் மாறினால் சாலை காரணம். எங்கே ஓட்டினாலும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டி காரணம். இடது ஓரத்தில் ஓட்டும்போதும் வலதுபக்கம் இழுத்தால் சாலையின் தலையில் பழியைப் போடவே முடியாது. இந்தச் சோதனைக்காக ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காதீர்கள், விரல் பிடியைத் தளர்த்தினாலே தெரிந்துவிடும்.

ஆனால் நம் சாலை செய்கிற கேடு சரிவோடு நிற்கவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒரு தடம் மயிலாப்பூர், அடையாறு வழியாகச் சிறுசேரி நோக்கிப் போகிறது. இன்னொன்று கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, கச்சேரி சாலை, ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க் என்று தி.நகரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மயிலாப்பூர். தகரத் தடுப்பு, திடீர் வளைவு, இரும்புத் தகடு, தார் சாலையைவிட நான்கு விரல் தாழ்ந்து கிடக்கும் மேன்ஹோல் மூடி, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே, சுரங்க வேலையால் சாலையே உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கியதைப் படத்தோடு பார்த்தோம். அது ஊரே பேசிய பள்ளம். தினம் நாம் இறங்கி ஏறும் சாண் பள்ளங்களை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அவைதான் நம் லோயர் ஆர்மையும் பால் ஜாயின்ட்டையும் டை ராட் எண்டையும் தின்கின்றன. பள்ளத்தில் 'டமார்' என்று விழுந்து, அதற்குப் பிறகு ஸ்டீரிங் முன்போல நேராக நிற்கவில்லை என்றால், அன்றைக்கே வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

டை ராட் என்றதும் பயப்படக் காரணம் உண்டு. ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது அந்தக் கம்பியால்தான். அது ஒடிந்தால் ஸ்டீரிங் நம் கையில் இருக்கும், சக்கரம் தன் போக்கில் போகும். 2023 ஜூலையில் மாருதி சுசூகி, டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்று 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2024 ஆகஸ்டில் ஸ்டீரிங் கியர் பாக்ஸ் குறைக்காக 2,555 ஆல்டோ கே10 கார்களை அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவேண்டாம் என்றே சொன்னது. இப்படிப்பட்ட அழைப்பு வேறு கம்பெனி கார்களுக்கும் வரும். செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால் கம்பெனி அனுப்பும் தகவல் பழைய உரிமையாளர் நம்பருக்குப் போய், உங்களுக்கு வராமலே இருக்கலாம். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

செகண்ட்ஹேண்ட் என்றதும் இன்னொன்று. பின்னால் வருகிறவர் பார்வைக்கு வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போவதாகத் தெரிந்தால், பின்அச்சோ பாடியோ விபத்தில் திரும்பியிருக்கிறது என்று பொருள். வாங்கும் முன் ஒரு நண்பரைப் பின்னால் பைக்கில் வரச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இனி மாற்றும் பாகங்களைப் பற்றி. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வேளச்சேரியில் ரானே என்று நாட்டின் கார்களுக்கெல்லாம் பிரேக்கும் ஸ்டீரிங் பாகமும் செய்துகொடுத்த ஊர் இது. நல்ல பாகம் கிடைக்காத ஊர் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் போய்க் கேட்டால் உங்கள் காருக்கு உரியது பெட்டியோடு கிடைக்கும். அப்படியிருக்க, இருநூறு முந்நூறு மிச்சம் என்று பழைய காலிப்பரையும் கழற்றிய டை ராடையும் வாங்கிப் போடாதீர்கள். கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி எல்லாம் புதுப்பேட்டையில் பழசாக வாங்குங்கள், தவறில்லை. பிரேக்கும் ஸ்டீரிங்கும் மட்டும் புதுசாக இருக்கட்டும். வலதில் மாற்றினால் இடதிலும் பேட் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் நீங்களே இழுப்பை விலைகொடுத்து வாங்கியதாக ஆகும்.

பஞ்சர் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் இழுப்போ ஆட்டமோ தெரிந்தால், வேறெதையும் யோசிக்கும் முன் வீல் நட்டைப் பாருங்கள். அவசரத்தில் கையால் முறுக்கிவிட்டு மறந்திருப்பார்கள். சக்கரம் கழன்று முன்னால் ஓடும் காட்சி சினிமாவில் மட்டும் நடப்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால் பலரும் செய்வது ஓங்கி பிரேக் மிதிப்பது. அது கூடாது. டயர் வெடித்திருந்தால் பிரேக் வண்டியைச் சுழற்றிவிடும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். இண்டிகேட்டர் போட்டு மெல்ல இடது ஓரம் ஒதுங்குங்கள். மழையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேங்கிய தண்ணீரில் இறங்கினாலும் இதே இழுப்பு வரும், அப்போதும் இதேதான்.

நிறுத்திய பிறகும் உஷார். "சார், உங்க டயர் ஆடுது", "ஆயில் ஒழுகுது" என்று பைக்கில் வந்து கை காட்டுகிறவர் எல்லோரும் நல்லெண்ணத்தில் காட்டுவதில்லை. கவனத்தைத் திசைதிருப்பி, இறங்கிக் குனிந்து பார்க்கும் நேரத்தில் சீட்டில் இருக்கும் பையை எடுத்துப்போகும் கும்பல் உண்டு. நகைக்கடையிலும் வங்கியிலும் இருந்து வருகிறவர்களைத்தான் குறிவைப்பார்கள், தி.நகரில் அதைச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியை ஏற்றி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டு அப்புறம் குனியுங்கள். வண்டியில் உண்மையாகவே கோளாறு இருந்தால் அது எங்கேயும் ஓடிப்போகாது.

சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. வாடகைக் காரில் போகும்போது டிரைவரின் கையைப் பாருங்கள். நேரான சாலையில் ஸ்டீரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டே ஓட்டினால், பிரேக் போடும்போதெல்லாம் அதை ஒரே பக்கம் வெட்டினால், தயங்காமல் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதே வண்டியில் உட்கார்ந்திருக்கிற அவர் கை நம் கையைவிட ஆழமாகப் பழகியிருக்கும். பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுகிறவர்கள் ஒருநாள் அந்த வேன் தெருமுனையில் பிரேக் போடுவதை நின்று பாருங்கள்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி, ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணமாகக் கவனித்தாலே தெரிந்திருக்கக்கூடிய பழுதோடு, பொது இடத்தில் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஆனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பமுடியாது. கவனித்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும்.

என் வண்டிக்கு இடது காலிப்பர், இரண்டு பக்கமும் புதுப் பேட், புது பிரேக் ஆயில் என்று ஒன்றரை நாள் ஆனது. எல்லாம் முடிந்த பிறகுதான் பாய் அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது ஒரு விசித்திரம் நடந்தது. கச்சேரி சாலையில் முதல் பிரேக் போட்டதும் கார் இடதுபக்கம் போனது. நெஞ்சு பதறி ஓரங்கட்டினேன். காரில் கோளாறு எதுவும் இல்லை. பழைய பழக்கத்தில் என் கைதான் ஸ்டீரிங்கை இடதுபக்கம் திருப்பியிருக்கிறது. அந்தக் கை மாற எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடையாறில் என் அத்திம்பேர் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது, பதினொரு வருடக் கார், வீட்டு வாசலில் பாதி நாள் நின்றபடியே இருக்கும். நேற்று போனில் இதையெல்லாம் சொன்னேன். "என் வண்டி கம்பி மாதிரி நேரா போறதுடா, எனக்குத் தெரியாதா?" என்றார். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடவேண்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன், காற்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். பங்க்வரைக்கும் ஓட்டப்போவது நான். அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைக்கப்போகிறேன் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.